கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளும் அவற்றின் ஒட்டுண்ணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பாட்டி கோழியை அடைக்கு வைக்கும்போது, கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, கூடவே ஒரு பிடி வேப்பிலையையும் பரப்புவார். "இல்லேன்னா செள்ளு பத்திக்கும்டா" என்பார். இருபத்தொரு நாள் கழித்துக் குஞ்சுகளை இறக்கிய பிறகு அந்தக் கூடையைத் தூக்கினால், மணிக்கட்டில் பொடிப்பொடியாக ஏதோ ஊர்வது தெரியும். பாட்டி கூடையை வெயிலில் கவிழ்த்துவிட்டு வைக்கோலைக் கொளுத்திவிடுவார். கோழியை அவர் ஒன்றும் செய்ததாக நினைவில்லை. செள்ளு குடியிருப்பது கோழியில் அல்ல, கூடையில்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பறவை ஒட்டுண்ணிகளைப் பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு விடை அந்தக் கூடையில் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டியபடி ஆயிரம் கூடைகள் இருந்து, அவற்றைக் கொளுத்த ஒரு பாட்டியும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பக்கம்.

என்னென்ன ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். பறவையின் உடம்பிலேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே சாகிற பேன் ஒரு வகை. பறவைப் பேன்களில் பெரும்பாலானவை இறகைத் தின்பவை. இன்னொரு வகை, கூட்டின் இண்டு இடுக்கில் ஒளிந்திருந்து, பசிக்கிற நேரத்தில் மட்டும் பறவைமேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். மூட்டைப்பூச்சி, தெள்ளுப்பூச்சி, பலவகை உண்ணிகள், பலவகைச் செள்ளுகள் (ஆங்கிலத்தில் மைட்) எல்லாம் இதில் சேரும். குடற்புழுக்கள், ரத்தத்துக்குள் வாழும் கிருமிகள் எல்லாம் வேறு கதை. அவற்றை இங்கே தொடவில்லை.

எந்தப் பறவையை வைத்து இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள்?

வட அமெரிக்காவின் ஒரு தகைவிலான் குருவியை வைத்து. ஆங்கிலத்தில் கிளிஃப் ஸ்வாலோ என்பார்கள்; இங்கே தகைவிலான் என்றே சொல்லிக்கொள்வோம். எடை 20 முதல் 25 கிராம் அளவில்தான் இருக்கும். குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே வந்து கூடு கட்டும். சேற்றை அலகில் உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து அப்பி, சுரைக்குடுக்கை மாதிரி ஒரு கூடு. ஒரு கூட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் உருண்டை வேண்டியிருக்கும். முன்பு செங்குத்தான பாறைகளில் கட்டியது. நெடுஞ்சாலைகள் வந்த பிறகு பாலத்தின் அடியிலும் சாலைக்குக் கீழே போகும் மதகுகளிலும் கட்டுகிறது.

இதில் முக்கியமான விஷயம், குடியிருப்பின் அளவு. ஓரிடத்தில் இரண்டே இரண்டு கூடு இருக்கும், இன்னோரிடத்தில் 3,000க்கும் மேல். பெரிய குடியிருப்பில் ஒரு கூட்டின் சுவரே அடுத்த கூட்டுக்கும் சுவர். நம் ஊர்களில் பழைய தெருவின் பொதுச்சுவர் வீடுகள் போல. ஒரே பறவை, ஒரே ஊர், ஒரே பருவம், கூட்டத்தின் அளவு மட்டும் வெவ்வேறு. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? சார்லஸ் பிரவுனும் மேரி பாம்பெர்கர் பிரவுனும் 1982இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் தென்மேற்கே, பிளாட் ஆற்றுப் பகுதியில் இந்தப் பறவைகளைப் பின்தொடரத் தொடங்கினார்கள். பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டி, வருடா வருடம் அதே பாலங்களுக்குப் போய், பல பத்தாண்டுகள் தொடர்ந்த வேலை அது.

தகைவிலான் கூட்டில் இருப்பது நம் கட்டில் மூட்டைப்பூச்சியா?

அதன் பங்காளி. ஒரே குடும்பம், ஆனால் வேறு இனம். இறக்கை கிடையாது, உடம்பில் மயிர் கொஞ்சம் அதிகம். மற்றபடி பழைய சினிமாக் கொட்டகை நாற்காலியில் கடிபட்டவர்களுக்கு அதன் சுபாவத்தை விளக்கத் தேவையில்லை: பகலோ இரவோ இடுக்கில் பதுங்கல், உடம்புச் சூடு கிடைத்ததும் ஊர்ந்து வந்து கடி, வயிறு நிறைந்ததும் மறுபடி இடுக்கு. குஞ்சுப் பருவத்தில் ஐந்து தடவை தோலுரிக்கும். ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு வேளை ரத்தம் வேண்டும்.

இதன் பெரிய பலம் பட்டினி. பறவை இல்லாத காலிக் கூட்டில், உண்ணாமல் குடிக்காமல் மூன்று வருடம் வரை உயிரோடு காத்திருக்கும் என்று கண்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் பறவைகள் கிளம்பிப் போனால் என்ன, அடுத்த மே மாதம் வரும் என்று அது மண் சுவருக்குள் கிடக்கும். வசந்தம் வந்ததும் கூட்டு வாசலில் கூட்டமாக வந்து நின்றுகொள்ளும். பறவை வந்து வாசலில் கால் வைக்க வேண்டியதுதான்.

ஒரே கூட்டில் 2,000க்கும் மேற்பட்ட பூச்சிகளை எண்ணியிருக்கிறார்கள். அந்தக் கூட்டின் உள்ளளவு ஒரு சின்னச் சொம்பு அளவுதான் இருக்கும். அதற்குள் மூன்று நாலு குஞ்சுகள், இன்னும் இறகுகூட முளைக்காதவை.

குஞ்சுகளுக்கு உண்மையிலேயே பாதிப்பு உண்டா, இல்லை நாமாக நினைத்துக்கொள்கிறோமா?

நல்ல கேள்வி. பெரிய குடியிருப்பில் குஞ்சுகள் மெலிந்திருந்தால், அங்கே இரை போதவில்லை என்றுகூடச் சொல்லலாமே. இதைப் பிரித்துப் பார்க்க பிரவுன்கள் பாட்டி வைத்தியம் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். ஒரே குடியிருப்பில் சில கூடுகளுக்கு மட்டும் பூச்சிமருந்து அடித்தார்கள், மற்றவற்றை அப்படியே விட்டார்கள். இரை எல்லாக் கூட்டுக்கும் ஒன்றுதான், பூச்சி மட்டுமே வித்தியாசம்.

1986இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: பெரிய குடியிருப்புகளில், மருந்து அடித்த கூட்டின் பத்து நாள் குஞ்சு, அடிக்காத கூட்டின் குஞ்சைவிட 3.4 கிராம் வரை கூடுதல் எடை இருந்தது. 3.4 கிராம்தானே என்று தோன்றும். தாய்ப் பறவையே 20 கிராம் சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உயிர் பிழைப்பதிலும் 50 சதவீதம் வரை வித்தியாசம் தெரிந்தது. சின்னக் குடியிருப்புகளில் மருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் அங்கே பூச்சியே குறைவு.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசித் துணுக்குதான். மூட்டைப்பூச்சி கொடியது என்பதை யாரும் சொல்லிவிடலாம். கொடுமை கூட்டத்தின் அளவோடு சேர்ந்து ஏறுகிறது என்பதைக் காட்டத்தான் இவ்வளவு பாலங்களுக்குக் கீழே ஏணி போட வேண்டியிருந்தது. தாய் தகப்பனும் தப்புவதில்லை. அடுத்த வருடம் திரும்பி வரும் வாய்ப்பு ஒட்டுண்ணிகளால் குறைகிறது என்பதையும் பின்னர் காட்டினார்கள்.

பறவைகளுக்கு இது தெரியாதா? பூச்சி பிடித்த கூட்டுக்கே ஏன் திரும்பி வருகின்றன?

தெரியும். வசந்தத்தில் வந்து சேரும் தகைவிலான், பழைய கூட்டுக்குள் உடனே நுழையாது. வாசலுக்கு எதிரே சிறகடித்தபடி அந்தரத்தில் நின்று பார்க்கும்; சற்று நகர்ந்து அடுத்த வாசல், அதற்கடுத்தது. வீடு பார்க்கப் போகிறவர் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது மாதிரி. பூச்சி அதிகம் இருக்கும் கூடுகளை ஒதுக்கிவிட்டு, சுத்தமானவற்றில்தான் குடியேறும். எல்லாக் கூடுகளும் மோசம் என்றால், ஆயிரம் உருண்டை மண் சுமந்தாலும் பரவாயில்லை என்று புதுக்கூடு கட்டும்.

இடத்தையே ஒரு வருடம் இரண்டு வருடம் காலி போட்டுவிட்டு, பிறகு திரும்புவதும் உண்டு. போன வருடம் கலகலவென்று இருந்த பாலம் இந்த வருடம் வெறிச்சென்று கிடப்பதற்கு ஒரு காரணம் இது. பருவத்தின் நடுவில் முட்டையையும் குஞ்சையும் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிற கதைகளும் இருக்கின்றன. கடல் பறவைகள் பகுதியில் அதைச் சொல்கிறேன்.

இறக்கையில்லாத பூச்சி ஒரு பாலத்திலிருந்து இன்னொரு பாலத்துக்கு எப்படிப் போகும்?

ஒரே குடியிருப்புக்குள் என்றால் நடந்தே போகும். பொதுச்சுவர் வீடுகளில் அது ஒரு தூரமே இல்லை. வேறு பாலத்துக்குப் போக, பறவையின் காலையோ இறகின் அடியையோ கவ்விக்கொண்டு சவாரிதான். வசந்தத்தில், இன்னும் இடம் முடிவாகாமல் ஒவ்வொரு குடியிருப்பாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பறவைகள் இருக்கும் அல்லவா, அவைதான் இந்த வண்டி. பெரிய குடியிருப்புக்கு அப்படி வந்து போகிறவர்களும் அதிகம், அதனால் மூட்டையும் அதிகம் இறங்கும்.

சரி, இவ்வளவு தொல்லை என்றால் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. கூட்டத்தில் லாபமும் இருக்கிறது, முக்கியமாகச் சாப்பாட்டில். தகைவிலான் பறக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. அந்தப் பூச்சிக் கூட்டம் இப்போது இந்த வயலுக்கு மேல், அரை மணி கழித்து அந்த ஓடைக்கு மேல் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெறும் வாயோடு திரும்பிய பறவை என்ன செய்கிறது? பக்கத்துக் கூட்டுக்காரர் வாய் நிறைய இரையோடு வந்து குஞ்சுக்கு ஊட்டிவிட்டு மறுபடி கிளம்பும்போது, அதன் பின்னாலேயே போய்விடுகிறது. 1986இலேயே இதை எழுதினார்கள். அக்கம்பக்கம் எவ்வளவு அதிகமோ, யாராவது ஒருவர் இரையைக் கண்டிருக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். அப்புறம், கூட்டம் பெரிதானால் எதிரியைப் பார்க்கும் கண்களும் அதிகம்.

ஆக, அதே கூட்டம்தான் குஞ்சுக்குச் சோறும் போடுகிறது, ரத்தமும் குடிக்க வைக்கிறது. நல்ல வேலை கிடைக்கும் என்று நெருக்கடியான நகரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாத் தகைவிலானுக்கும் ஒரே கணக்குத்தானா?

இல்லை. சில பறவைகளுக்குப் பெரிய கூட்டம் ஒத்துவருகிறது, சிலவற்றுக்குச் சின்னது. 2000இல் பிரவுன்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், பெரிய குடியிருப்பில் பொரித்த குஞ்சுகளைச் சின்னதற்கும், சின்னதில் பொரித்தவற்றைப் பெரியதற்கும் மாற்றி வைத்தார்கள். அவை வளர்ந்து திரும்பி வந்தபோது, வளர்ந்த குடியிருப்பின் அளவைப் பார்க்கவில்லை. பிறந்த குடியிருப்பின் அளவையே தேடிப் போயின. கூட்டம் பிடிப்பதும் பிடிக்காததும் ஓரளவு ரத்தத்திலேயே வருகிறது என்று அர்த்தம். எல்லோரும் ஒரே பக்கம் சாயாமல் இரண்டு வகையும் நீடித்திருக்க, ஒட்டுண்ணியும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேன் மட்டும் ஏன் இவ்வளவு கொடுமை செய்வதில்லை?

அது பறவையை விட்டு வேறெங்கும் போக முடியாது. ஏறியிருக்கும் படகிலேயே ஓட்டை போட்டால் தானும்தானே முழுக வேண்டும்? தாயிடமிருந்து குஞ்சுக்கு, அந்தக் குஞ்சிடமிருந்து அதன் குஞ்சுக்கு என்று பரவுகிற பேனுக்கு, அந்தக் குடும்பம் தழைத்தால்தான் பிழைப்பு. கூட்டில் வாழும் செள்ளுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் அந்தக் கவலை இல்லை. இந்தக் குஞ்சு செத்தால் அடுத்த கூட்டுக்கு நடந்துவிடலாம்.

டேல் கிளேட்டனும் டேனியல் டாம்ப்கின்ஸும் 1994இல் மாடப்புறாவில் இதைச் சோதித்தார்கள். பேனை ஏற்றிய கூடுகளில் குஞ்சு வளர்ப்பு வழக்கம்போல நடந்தது. செள்ளை ஏற்றிய கூடுகளில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் அருங்காட்சியகக் கோபுரத்தில் கூடு கட்டும் உழவாரக் குருவிகளிடம், பேனையும் அவற்றோடு ஒட்டி வாழும் ஒருவகை ஈயையும் வைத்துப் பார்த்தபோதும் குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை. பார்த்தால் அருவருப்பாக இருக்கும் ஈ அது, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். ஆனால் அருவருப்புக்கும் ஆபத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கடல் பறவைகளின் கதை என்ன?

தீவுகளில் லட்சக்கணக்கில் கூடும் பறவைகளுக்கு மூட்டைப்பூச்சியின் இடத்தில் உண்ணி. பெரு நாட்டின் கடலோரத் தீவுகளில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் பூபி என்னும் கடற்பறவையும் அடை அடையாகக் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம்தான் குவானோ என்ற பேர்பெற்ற உரம். அந்நாட்டு அரசு 1909இல் குவானோவுக்கென்றே ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்தி, பறவைகளுக்குக் காவல் போட்டு, எச்சத்தைச் சுரண்டி விற்றது. அந்தத் தீவுகளில் உண்ணி பெருகிய இடங்களில், பறவைகள் முட்டையையும் குஞ்சையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடும். டேவிட் டஃபி 1983இல் இதை விரிவாக எழுதினார். எதிரி துரத்தவில்லை, மீனுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் ஆயிரக்கணக்கான கூடுகள் அனாதை. உரக்காரர்களுக்கு இது வருமானப் பிரச்சினையும்கூட.

சீஷெல்ஸின் பேர்ட் தீவில் கரும் ஆலாக்களும் இப்படிக் கிளம்பிப் போனதை கிறிஸ் ஃபியர் 1976இல் பதிவு செய்தார். அங்கே உண்ணிகளில் ஒரு வைரஸும் இருந்தது.

வட துருவத்தை ஒட்டிய கடல்களிலும் தென் துருவத்தை ஒட்டிய கடல்களிலும் வாழும் இன்னொரு உண்ணி, பறவைமேல் சில நாட்கள் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை வயிறு நிறையக் குடித்துவிட்டு, மீதி வருடம் முழுக்கப் பாறை வெடிப்பில் கிடக்கும். ஒவ்வொரு வளர்ச்சிக் கட்டத்துக்கும் ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். அதன் ஆயுள் முடிய சில வருடங்கள் பிடிக்கும். பறவை அதே பாறைக்கு வருடா வருடம் திரும்பும் என்ற ஒரே நம்பிக்கையில் நடக்கும் பிழைப்பு.

பாட்டியின் வேப்பிலை மாதிரி பறவைகளும் ஏதாவது செய்யுமா?

செய்யும். ஐரோப்பிய மைனா, காய்ந்த புல்லால் கட்டிய கூட்டில் பச்சைத் தழையையும் சேர்க்கும். கண்ட தழையை அல்ல, தேர்ந்தெடுத்துத்தான். லாரி கிளார்க்கும் ரஸ்ஸல் மேசனும் 1980களில் அமெரிக்காவில் பார்த்தபோது, காட்டுக் கேரட் போன்ற வாசமுள்ள செடிகளை அது தேடிக் கொண்டுவந்தது. அந்தத் தழையை எடுத்துவிட்ட கூடுகளில் செள்ளு மிகவும் பெருகியது. ஆனால் ஜெர்மனியில் ஹெல்கா குவின்னர் செய்த சோதனைகளில் செள்ளு குறையவில்லை, குஞ்சுகள் மட்டும் திடமாக இருந்தன. ஆக, தழை பூச்சியைக் கொல்கிறதா, குஞ்சைத் தேற்றுகிறதா என்பதில் ஊருக்கு ஊர் விடை மாறுகிறது.

மெக்சிகோ நகரத்துச் சிட்டுக்குருவிகள் இன்னும் ஒரு படி மேல். பிடித்துப் போட்ட சிகரெட்டின் ஃபில்டர் பஞ்சைக் கூட்டில் வைக்கின்றன. அது அதிகம் இருந்த கூடுகளில் ஒட்டுண்ணி குறைவு என்று 2013இல் வந்த ஆய்வு சொன்னது. புகையிலைக் கஷாயம் அடித்துப் பூச்சி விரட்டிய எந்த விவசாயியும் இதற்கு ஆச்சரியப்படமாட்டார்.

பக்கத்துக் கூட்டில் முட்டை வைப்பதும் ஒட்டுண்ணித்தனம்தானே?

ஆமாம், அதையும் தகைவிலான் செய்யும். குயில் வேறு இனத்தின் கூட்டில் வைக்கிறது. இது சொந்த இனத்தின் கூட்டிலேயே. அண்டை வீட்டார் வெளியே போன சமயம் உள்ளே நுழைந்து ஒரு முட்டை இட்டுவிட்டு வந்துவிடும். அதைவிட வேடிக்கை, தன் கூட்டில் ஏற்கெனவே இட்ட முட்டையை அலகில் கவ்விக்கொண்டுபோய் அடுத்த கூட்டில் வைத்துவிட்டு வருவது. 1988இல் பிரவுன்கள் இதை வெளியிட்டார்கள். இப்படித் திணிக்கப்பட்ட கூடுகளைப் பின்னர் கணக்கெடுத்தபோது, அவற்றில் மூட்டைப்பூச்சி குறைவு. பிள்ளையை அடுத்த வீட்டில் விடுவதென்றாலும் நல்ல வீடாகப் பார்த்துத்தான்.

இந்தப் பூச்சிகள் நோய் பரப்புமா?

தகைவிலான் மூட்டைப்பூச்சி பகி கிரீக் என்ற வைரஸைச் சுமக்கிறது. 1980இல் ஓக்லஹோமாவில் கண்டெடுத்தார்கள். பெயர் ஓர் ஓடையின் பெயர். தகைவிலான் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. அடிபடுவது ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த நம்ம சிட்டுக்குருவி. மண்கூட்டைக் கைப்பற்றிக் குடியேறிய சிட்டுக்குருவியின் குஞ்சுகளின் ரத்தத்தில் இந்த வைரஸ் ஏராளமாகப் பெருகி, மூளைவரை பாதிக்கிறது. அடுத்தவர் கட்டிய வீட்டில் புகுந்தால், வீட்டோடு மூட்டையும் மூட்டையோடு நோயும் வருகிறது.

மனிதரைக் கடிக்குமா? வீட்டுக் கூரையில் கூடு இருந்தால் அகற்றலாமா?

கடிக்கும். பறவைகள் போன பிறகு பசியோடு வீட்டுக்குள் இறங்கி வருவதுண்டு, ஆனால் பறவை இல்லாமல் அங்கே வம்சம் வளர்க்காது. முட்டையும் குஞ்சும் இருக்கும் நேரத்தில் கூட்டைக் கலைக்காதீர்கள். அமெரிக்காவில் 1918ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம். எங்கே இருந்தாலும் பறவைகள் கிளம்பிய பிறகு அகற்றுவதே நல்லது.

நம் பக்கம் இப்படிப்பட்ட தகைவிலான் உண்டா?

உண்டு, இதே பேரினத்தைச் சேர்ந்த ஒன்று. தொண்டையில் கோடுகளும் தலையில் செம்பழுப்பும் கொண்ட சின்னத் தகைவிலான், இந்தியா முழுக்கப் பாலங்களின் அடியிலும் அணைச் சுவர்களிலும் மண்கூடுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டிவைக்கும். தமிழ்நாட்டிலும் பார்க்கலாம். பாலத்துக்குக் கீழே நின்று, வாசலுக்கு எதிரே அந்தரத்தில் சிறகடித்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பும் பறவையைக் கண்டால், கொஞ்ச நேரம் நின்று எத்தனை வாசலை அப்படிப் பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூட்டுக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள்.